ஏமாற்றமும் ஏமாற்றும்

'ஏமாற்றம்' என்ற சொல்லைப் பற்றி நான் பல சமயங்களில் யோசித்ததுண்டு. மழை வரும் என்று வானத்தைப் பார்த்துக் காத்திருக்கிறோம். மேகம் கூடுகிறது, கலைகிறது, மழை இல்லை. "ஏமாற்றமாகப் போய்விட்டது" என்கிறோம். சீட்டுப் பிடிக்கிறேன் என்று ஊரார் பணத்தையெல்லாம் வாங்கியவன் இரவோடு இரவாகக் காணாமல் போகிறான். "ஏமாற்றிவிட்டான்" என்கிறோம். மேகம் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை, சீட்டுக்காரன் கொடுத்தான். அப்படியிருந்தும் நம் மொழி இரண்டு அனுபவங்களையும் ஒரே வேரில் கட்டி வைத்திருக்கிறது.

இதை மொழியின் குறை என்று நான் சொல்லமாட்டேன். மனத்தின் சுபாவத்தை மொழி கண்டுகொண்டிருக்கிறது என்றுதான் சொல்வேன். எதிர்பார்த்தது நடக்காதபோது, 'என்ன நடந்தது?' என்று மனம் முதலில் கேட்பதில்லை. 'யார் செய்தது?' என்றுதான் கேட்கிறது. வலிக்கு ஒரு காரணம் கிடைத்தால் மட்டும் அதற்குத் திருப்தி இல்லை. ஒரு குற்றவாளியும் கிடைக்க வேண்டும். அப்படியானால், ஏமாற்றத்தையும் ஏமாற்றையும் எப்படிப் பிரித்து அறிவது? பிரித்து அறிந்த பிறகு நம் கோபத்துக்கு எவ்வளவு தூரம் போக உரிமை உண்டு?

இந்தக் கேள்வியை ஆராய நான் எடுத்துக்கொள்ளும் உதாரணங்கள் சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். டெலிவிஷனில் வாரா வாரம் வந்த விஞ்ஞானக் கதைகள், அவற்றின் கடைசி அத்தியாயங்கள், அவற்றைப் பார்த்துக் கொதித்துப்போன மனிதர்கள் - இவைதான் என் உதாரணங்கள். "உலகத்தில் எத்தனையோ துன்பம் இருக்க, பொம்மைப் பெட்டியில் வந்த கட்டுக்கதை சரியாக முடியவில்லை என்று அழுகிறவர்களைப் பற்றியா எழுதப் போகிறீர்?" என்று கேட்கலாம். எனக்கு அவர்களைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றுவதில்லை. நானும் தொடர்கதை எழுதிப் பிழைக்கிறவன். ஒரு கற்பனை மனிதனுக்காகக் கண்ணீர் விடுகிறவர்கள் இருப்பதால்தான் என் வீட்டில் அடுப்பு எரிகிறது. அது இருக்கட்டும். பெரிய ஏமாற்றங்களில் பணமும் சொத்தும் உயிரும் கலந்துவிடுவதால், எது நியாயம் என்று பார்க்க முடியாமல் கண் கலங்கிவிடுகிறது. கதை விஷயத்தில் அப்படி எதுவும் கலப்பதில்லை. நம்பிக்கை ஒன்றுதான் கொடுக்கப்படுகிறது. அது ஒன்றுதான் முறிகிறது.

நம் வீடுகளில் பாட்டி கதை சொல்லும்போது ஒரு நிபந்தனை உண்டு. கேட்கிற குழந்தை 'உம்' கொட்ட வேண்டும். உம் கொட்டாவிட்டால் பாட்டி கதையை நிறுத்திவிடுவாள். இதில் ஒரு பெரிய ஒப்பந்தம் அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. கேட்பவர் விழித்திருக்க வேண்டும். சொல்பவர் முடித்துவைக்க வேண்டும். பாதிக் கதையில் பாட்டியே தூங்கிப்போனால் குழந்தை தோளைப் பிடித்து உலுக்கி, "அப்புறம்?" என்று கேட்கும். அந்தக் குழந்தை பாட்டிக்குக் காசு கொடுக்கவில்லை. ஆனாலும் 'அப்புறம்?' என்று கேட்க அதற்கு உரிமை இருக்கிறது. "டெலிவிஷனை இலவசமாகத்தானே பார்த்தீர்கள், என்ன நஷ்டம்?" என்று கேட்கிறவர்களுக்கு இதுவே பதில். பார்த்தவர்கள் உம் கொட்டினார்கள். வாரத்தில் ஒரு மணி நேரம், ஆண்டுக் கணக்கில், விழித்திருந்து உம் கொட்டினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களின் காதில் அது விழவில்லை என்பதால் ஒப்பந்தம் இல்லையென்று ஆகிவிடாது.

விஞ்ஞானக் கதையில் இந்த ஒப்பந்தம் இன்னும் கடுமையானது. ஒரு குடும்பக் கதையில், 'ராமநாதன் ஏன் அப்படிச் செய்தான்?' என்ற கேள்விக்கு விடை கிடைக்காவிட்டாலும் பெரிய மோசமில்லை. நிஜ வாழ்க்கையிலும் ராமநாதன்கள் ஏன் எதைச் செய்கிறார்கள் என்று யாருக்குத் தெரிகிறது? ஆனால், வெப்பத் தீவு ஒன்றில் பனிக் கரடி ஓடி வருகிறது என்று ஒருவன் சொன்னால், 'இது நடக்காத காரியம்' என்று என் அறிவு சொல்கிறது. நான் அதன் வாயை மூடுகிறேன். 'பொறு, காரணம் சொல்வான்' என்கிறேன். இப்படி என் அறிவையே அடமானம் வைத்து அவனுக்குக் கடன் கொடுக்கிறேன். கதை முடியும்போது அடமானப் பொருளை மீட்டுத் தரவேண்டியது அவன் பொறுப்பு. அதனால்தான் மற்றக் கதைகளின் முடிவைப் பார்த்து முணுமுணுக்கிறவர்கள், விஞ்ஞானக் கதையின் முடிவைப் பார்த்துச் சண்டைக்கு வருகிறார்கள்.

முதல் உதாரணம் இங்கிலாந்தைச் சேர்ந்தது. 1967 செப்டம்பரில் 'தி பிரிஸனர்' என்ற தொடர் அங்கே ஒளிபரப்பாகத் தொடங்கியது. கதாநாயகனாக நடித்தவர் பேட்ரிக் மக்கூஹன். கதையின் பின்னே இருந்த மூளையும் பெரும்பாலும் அவருடையதே. அரசாங்க ஒற்றன் ஒருவன் வேலையை ராஜினாமாச் செய்கிறான். வீடு திரும்பியவனை மயக்கப் புகை விட்டுத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். கண் விழித்துப் பார்த்தால் அழகான ஒரு கிராமம். அங்கே யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். அவன் ஆறாம் எண். அவனை விசாரிக்க ஓர் இரண்டாம் எண் வருவார்; தோற்றால் மறு வாரம் வேறொரு இரண்டாம் எண் வருவார். ஒன்றாம் எண் யார்? பதினேழு அத்தியாயங்களும் இந்தக் கேள்வியின் மீதுதான் நின்றன. இங்கிலாந்தில் அப்போது இருந்தவை மூன்றே டெலிவிஷன் நிலையங்கள். நிகழ்ச்சியை வீட்டில் பதிந்து வைத்துக்கொள்ளும் கருவி சாதாரண மக்களிடம் வராத காலம். ஒரு தடவை பார்த்தால் பார்த்ததுதான்.

1968 பிப்ரவரியில் கடைசி அத்தியாயம் வந்தது. அதில் பாட்டும் கூத்தும் துப்பாக்கிச் சூடும் கலந்திருந்தன. கடைசியில் ஆறாம் எண், ஒன்றாம் எண்ணின் முகமூடியைக் கிழிக்கிறான். உள்ளே ஒரு குரங்கு முகமூடி. அதையும் கிழிக்கிறான். உள்ளே தெரிவது அவனுடைய முகமே! பிறகு அவன் தப்பி லண்டனுக்கு வருகிறான். அவன் வீட்டுக் கதவு தானாகத் திறக்கிறது. கிராமத்துக் கதவுகளும் அப்படித்தான் தானாகத் திறக்கும். அவ்வளவுதான் கதை.

பார்த்தவர்களில் பலருக்குத் தலைகால் புரியவில்லை. ஏதோ ஒரு வெளிநாட்டுச் சதிகாரனை, அல்லது உள்நாட்டு மந்திரியை எதிர்பார்த்து வாரக் கணக்கில் உட்கார்ந்திருந்தவர்கள் அவர்கள். நிலையத்துக்கு டெலிபோன் மேல் டெலிபோன் வந்தது. மக்கூஹன் வருத்தப்பட்டாரா என்றால், இல்லை. 1977இல் கனடா நாட்டு டெலிவிஷனுக்கு அளித்த பேட்டியில், மக்கள் முஷ்டியை ஆட்டிக்கொண்டு சண்டைக்கு வர வேண்டும் என்றுதான் தாம் விரும்பியதாகவும், அந்தக் கோபம் தமக்குச் சந்தோஷமே தந்ததாகவும் சொன்னார்.

இது ஏமாற்றமா, ஏமாற்றா? கடைசி அத்தியாயம் அவசரமாக எழுதப்பட்டது என்று சொல்கிறார்கள். முதலில் ஏழு அத்தியாயங்கள் போதும் என்று மக்கூஹன் நினைத்ததும், பணம் போட்ட லூ கிரேட் இன்னும் அதிகம் கேட்டதும், பதினேழில் சமரசம் ஆனதும் பலர் அறிந்த கதை. இவ்வளவையும் ஒப்புக்கொண்டு சொல்கிறேன்: இதில் ஏமாற்று இல்லை. 'ஒன்றாம் எண் யார்?' என்று கேட்டார், விடை சொன்னார். 'உன்னைச் சிறை வைத்தவன் உனக்குள்ளேயே இருக்கிறான்' என்பது அவர் மனமார நம்பிய விடை. நாம் விரும்பாத விடை வேறு, விடையே இல்லாத கேள்வி வேறு. வைத்தியர் நாடியைப் பார்த்துவிட்டு நமக்குப் பிடிக்காத வியாதியின் பெயரைச் சொன்னால் வருத்தம் வரும். அதற்காக அவரைப் போலி வைத்தியர் என்று சொல்லமாட்டோம். அந்தக் கதை படமாக்கப்பட்ட வேல்ஸ் நாட்டு ஊரான போர்ட்மேரியனுக்கு, பின்னாளில் ரசிகர்கள் யாத்திரை போவதுபோல் போய்க் கூடினார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். அந்தக் கோபம் நாளடைவில் சிந்தனையாகப் பழுத்துவிட்டது.

இரண்டாவது உதாரணத்தில் குற்றவாளியே இல்லை. அமெரிக்காவில் 1989 முதல் 1993 வரை 'குவாண்டம் லீப்' என்று ஒரு தொடர் நடந்தது. சாம் பெக்கெட் என்ற விஞ்ஞானி, தன் ஆயுட்காலத்துக்கு உட்பட்ட கடந்த காலத்தில் ஒருவர் உடலிலிருந்து இன்னொருவர் உடலுக்குத் தாவித் தாவி, அவரவர் வாழ்க்கையில் நேர்ந்த தவறுகளைச் சரிசெய்கிறார். ஒவ்வொரு தாவலின்போதும், அடுத்த தாவலாவது தம்மை வீட்டில் கொண்டு சேர்க்காதா என்று ஏங்குகிறார். அடுத்த ஆண்டு தொடர் நீடிக்குமா, நீடிக்காதா என்று நிச்சயமில்லாத நிலையில் ஐந்தாம் ஆண்டின் கடைசி அத்தியாயத்தை எடுத்தார்கள். தொடர் நீடிக்கவில்லை. ஆகவே, 1993 மே 5ஆம் தேதி, அந்த அத்தியாயத்தின் கடைசியில் கறுப்புத் திரையில் ஒரு வரி தோன்றியது. டாக்டர் சாம் வீடு திரும்பவேயில்லை என்று அது தெரிவித்தது. ஐந்து ஆண்டுகள் அவரோடு கூட இருந்தவர்களுக்கு ஒரே ஒரு வரி! அதிலும் அவருடைய பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டார்கள்.

இதைப் படித்தபோது எனக்கே மனம் கனத்தது. அந்த வரி, யுத்த காலத்தில் வீட்டுக்கு வரும் தந்தியைப் போல இருக்கிறது. ஆனால் இங்கே யார் மீது கோபித்துக்கொள்வது? எழுதியவரும் இன்னொரு ஆண்டு கிடைத்தால் எழுதியிருப்பார். இது மேகம் கலைந்த ஏமாற்றம். இங்கே கோபம் என்று நாம் நினைப்பது உண்மையில் துக்கம். ஒரு நல்ல மனிதன் வீடு திரும்ப வேண்டும் என்று ஆசைப்பட்டோம், திரும்பவில்லை. அந்தத் துக்கத்தில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மூன்றாவது உதாரணம்தான் எல்லாவற்றிலும் சிக்கலானது. 2004 செப்டம்பர் 22ஆம் தேதி அமெரிக்காவில் ஏ.பி.சி. நிறுவனம் 'லாஸ்ட்' என்ற தொடரைத் தொடங்கியது. சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போகும் விமானம் ஒரு தீவில் நொறுங்கி விழுகிறது. பிழைத்தவர்கள் தீவில் விசித்திரங்களைக் காண்கிறார்கள். நான் முன்பு சொன்ன பனிக் கரடி இந்தக் கதையில் வருவதுதான். மரங்களைப் பிடுங்கும் கரும்புகை வருகிறது. பூமிக்கடியில் ஓர் அறை. அங்கே நூற்றெட்டு நிமிஷத்துக்கு ஒரு முறை ஆறு எண்களைத் தட்டாவிட்டால் உலகத்துக்கே ஆபத்து என்கிறார்கள். 4, 8, 15, 16, 23, 42 - இவைதான் அந்த எண்கள். கூட்டிப் பாருங்கள், நூற்றெட்டு வரும்! இப்படிக் கூட்டிப் பார்க்க வைத்ததுதான் அந்தத் தொடரின் சாமர்த்தியம். மறுநாள் ஆபீஸ்களிலும் கல்லூரிகளிலும் ஜனங்கள் இதையே பேசினார்கள். ஒருவர் கவனிக்காததை இன்னொருவர் கவனித்துச் சொன்னார். கதை, ஊர் கூடி இழுக்கும் தேர் ஆகிவிட்டது.

தேரை இழுத்துப் போகிறவர்களுக்கு நிலை எங்கே இருக்கிறது என்று தெரிய வேண்டும். அமெரிக்க டெலிவிஷன் முறையில் அதுதான் தெரியாது. ஒரு தொடர் லாபம் தரும்வரை ஓடும். லாபம் குறைந்தால் நிறுத்தப்படும். எழுதுகிறவர்கள் தாங்கள் எழுதுவது கதையின் நடுப்பகுதியா, கடைசிப் பகுதியா என்று அறியாமலே எழுத வேண்டும். ஆற்றின் அகலத்தைச் சொல்லாமல் பாலம் கட்டச் சொல்வதைப் போன்றது இது. 'லாஸ்ட்' தொடரின் பொறுப்பை ஏற்றிருந்த டேமன் லிண்டெலாப், கார்ல்டன் க்யூஸ் இருவரும், முடிவுக்கு ஒரு தேதி வேண்டும் என்று மன்றாடினார்கள். 2007 மே மாதத்தில்தான், மூன்றாம் ஆண்டு முடிகிற சமயத்தில், 2010இல் கதையை முடித்துக்கொள்ளலாம் என்று கம்பெனி இசைந்தது. அதற்குள் கேள்விகள் குவிந்து கிடந்தன.

2010 மே 23ஆம் தேதி முடிவு வந்தது. அமெரிக்காவில் ஒரு கோடியே முப்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அன்று பார்த்தார்கள். ஆறாம் ஆண்டு முழுவதும் தீவின் கதையோடு இன்னொரு கதையும் ஓடிக்கொண்டிருந்தது. அதில் விமானம் விழாமல் பத்திரமாகத் தரை இறங்கியிருந்தது. அந்த இரண்டாவது உலகம், அவர்களெல்லோரும் அவரவர் காலத்தில் இறந்த பிறகு ஒருவரையொருவர் சந்திக்கும் இடம் என்று கடைசியில் தெரிகிறது. ஒரு கோயிலில் எல்லோரும் கூடித் தழுவிக்கொள்கிறார்கள். தீவில் கதாநாயகன் மூங்கில் காட்டில் படுத்துக் கண்ணை மூடுகிறான்.

அன்று இரவு ஒரே வீட்டில் ஒருவர் அழுதார், ஒருவர் திட்டினார். அழுதவர், அந்த மனிதர்கள் சேர்ந்துவிட்டார்கள் என்பதற்காக அழுதார். திட்டியவர், தாம் ஆறு ஆண்டுகளாக வளர்த்த கேள்விகள் அநாதைகளாக நிற்கின்றன என்பதற்காகத் திட்டினார். இதில் ஒரு வேடிக்கையும் சேர்ந்துகொண்டது. படம் முடிந்து பெயர்கள் ஓடும்போது, கடற்கரையில் கிடக்கும் விமானத்தின் உடைசல்களை மட்டும் காட்டினார்கள். அதைப் பார்த்த பலர், 'ஓகோ, எல்லோரும் முதல் நாள் விபத்திலேயே செத்துப்போய்விட்டார்கள், கதை முழுவதும் பொய்' என்று முடிவுகட்டிவிட்டார்கள். தீவில் நடந்ததெல்லாம் நிஜம் என்று சில நிமிஷங்களுக்கு முன்புதான் ஒரு பாத்திரம் தெளிவாகச் சொல்லியிருந்தது. அந்தப் படங்கள் அடுத்து வரும் செய்தி நிகழ்ச்சிக்கு முன்னால் மனத்தை மெல்ல இறக்கிவிடுவதற்காகச் சேர்த்தவை, கதையைச் சேர்ந்தவை அல்ல என்று கம்பெனி பிறகு விளக்கம் கொடுத்தது. ஆனால் முதலில் மூண்ட கோபத்தை விளக்கம் எட்டிப் பிடிப்பது கஷ்டம். ஏமாந்துவிட்டோம் என்று ஒருமுறை நம்பிவிட்டால், கண் அதற்குச் சாட்சியங்களைத் தேட ஆரம்பித்துவிடுகிறது.

என் தீர்ப்பைச் சொல்கிறேன். ஒரு தொழில்காரனின் தீர்ப்பாகவே இதை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் கடைசி இரவில் ஏமாற்று ஒன்றும் நடக்கவில்லை. எழுதியவர்கள் தங்களுக்கு எது முக்கியம் என்று பட்டதோ, அதை மனப்பூர்வமாகக் கொடுத்தார்கள். கணக்கில் தவறு இருந்தால், அது முன் ஆண்டுகளின் பக்கங்களில் இருக்கிறது. விடையைப் பற்றிய கவலையே இல்லாமல், அடுத்த வாரம் வரை நேயர்களைக் கட்டி வைக்க ஒரு கேள்வி வேண்டும் என்று கேட்கப்படும் கேள்வி இருக்கிறதே, அதுதான் கள்ளக் கையெழுத்திட்ட பத்திரம். அந்தப் பத்திரம் எழுதும்போது யாருக்கும் தெரிவதில்லை, எல்லோரும் கைதட்டுகிறார்கள். தவணை தீரும் நாளில்தான் தெரிகிறது. அதனால் பழி முழுவதும் கடைசி அத்தியாயத்தின் தலையில் விழுகிறது. அப்பா வாங்கிய கடனுக்குப் பிள்ளை வீட்டில் ஜப்தி வருவதைப்போல! 'லாஸ்ட்' கதையின் கேள்விகளில் எத்தனை நல்ல பத்திரங்கள், எத்தனை கள்ளப் பத்திரங்கள் என்று தரம் பிரிப்பது என் வேலையல்ல. கேட்டவர்களின் மனச்சாட்சிக்கே அது தெரியும்.

ஆகவே ஏமாற்றத்தையும் ஏமாற்றையும் பிரித்து அறிய எனக்குத் தெரிந்த உரைகல் இதுதான்: அந்தக் கேள்வியைக் கேட்டவனும் அதோடு வாழ்ந்தானா? கேள்வி அவனையும் தூங்கவிடாமல் செய்திருந்தால், அவன் கொண்டுவரும் விடை சப்பென்று இருக்கலாம், புரியாமல் இருக்கலாம், அரைகுறையாகவும் இருக்கலாம். அப்போது அவன் திறமையைக் குறை சொல்லலாம்; நாணயத்தைக் குறை சொல்லக்கூடாது. நாம் தூங்காமல் இருக்க, அவன் நிம்மதியாகத் தூங்கியிருந்தால், நாம் ஏமாற்றப்பட்டிருக்கிறோம்.

சரி, ஏமாற்றமோ ஏமாற்றோ, நாம் இழந்தது எவ்வளவு? "ஆறு வருஷமும் வீண்!" என்று பலர் சொல்கிறார்கள். பொருளாதாரத்துக்காக 2002இல் நோபல் பரிசு பெற்ற மனோதத்துவ அறிஞர் டேனியல் கானமன், 2010இல் பேசிய ஒரு சொற்பொழிவில் ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னார். அவர் இருபது நிமிஷம் அற்புதமான சங்கீதத்தை இசைத்தட்டில் கேட்டுக்கொண்டிருந்தாராம். கடைசியில் தட்டு கீறிக் கர்ணகடூரமாக ஒரு சப்தம் எழுந்தது. "அனுபவமே பாழாகிவிட்டது" என்றார் அவர். கானமன் மறுத்தார். பாழானது அனுபவம் அல்ல, அனுபவத்தைப் பற்றிய நினைவுதான். அந்த இருபது நிமிஷ சங்கீதத்தை அவர் கேட்டது கேட்டதுதான் என்றார்.

இதைக் கேட்டவுடன், 'சரிதான், நஷ்டம் ஒன்றுமில்லை' என்று எழுந்துபோய்விட எனக்கு மனம் வரவில்லை. அனுபவம் அந்தந்தக் கணத்தோடு போய்விடுகிறது. கடைசியில் நம் கையில் மிஞ்சுவது நினைவுதானே? அதைப் பாழாக்கியவன் ஒன்றும் எடுக்கவில்லை என்று எப்படிச் சொல்வது? ஆனால் ஒரு வித்தியாசம் இருக்கிறது. போன அனுபவத்தை யாராலும் திருத்த முடியாது, நினைவைத் திருத்தலாம். அது பிறர் கையில் இல்லை, நம் கையிலேயே இருக்கிறது. அந்த ஆறு ஆண்டுகளில் ஒரு தகப்பனும் மகனும் வாரம் ஒரு நாள் ஒரே சோபாவில் உட்கார்ந்து, ஆறு எண்களைக் கூட்டிப் பார்த்துச் சண்டை போட்டிருப்பார்கள். அந்தச் சண்டையைக் கடைசி அத்தியாயம் எப்படி வீணாக்க முடியும்? அது கதாசிரியர் கொடுத்த பொருள் அல்லவே, திரும்ப எடுத்துக்கொள்ள! கோயிலில் பிரசாதம் கிடைக்காவிட்டால், வழியெல்லாம் நண்பனோடு பேசிக்கொண்டு நடந்ததும் இல்லையென்று ஆகிவிடுமா?

கோபத்தின் எல்லையைப் பற்றிச் சொல்ல ஜப்பானுக்குப் போக வேண்டும். 1995 அக்டோபரில் அங்கே 'எவாஞ்சலியன்' என்ற சித்திரத் தொடர் தொடங்கியது. எழுதி இயக்கியவர் ஹிதேயாகி அன்னோ. பிரம்மாண்டமான இயந்திர உடலுக்குள் அமர்ந்து, உலகத்தை அழிக்க வரும் விசித்திரப் பிராணிகளோடு போரிட வேண்டிய பதினாலு வயதுச் சிறுவன் ஷின்ஜியின் கதை அது. இருபத்தாறு வாரக் கதையில் இருபத்துநாலு வாரம் போர் முற்றிக்கொண்டே வந்தது. கடைசி இரண்டு வாரங்களில், வேலைக்கு நேரமும் போதாமல், போரையே நிறுத்திவிட்டு அந்தச் சிறுவனின் மனத்துக்குள் புகுந்துவிட்டார் அன்னோ. அசையாத படங்கள், கோட்டுச் சித்திரங்கள், திரையில் எழுத்துக்கள், தன்னைத் தானே கேட்டுக்கொள்ளும் கேள்விகள். 'நான் இந்த உலகத்தில் இருக்கலாம்' என்று சிறுவன் உணர்கிறான். சுற்றி நிற்பவர்கள் எல்லோரும் கைதட்டி அவனுக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள். 1996 மார்ச் 27ஆம் தேதி கதை முடிந்தது. உலகம் பிழைத்ததா, அழிந்ததா என்பதை அந்த முடிவு காட்டவில்லை.

ரசிகர்களின் கோபத்தைச் சொல்ல வேண்டுமா? கடிதங்கள் குவிந்தன. 1997 ஜூலையில் வேறொரு முடிவைச் சினிமாவாக எடுத்தபோது, தமக்கு வந்த கடிதங்களில் சிலவற்றை, வசைகள் உட்பட, அன்னோ திரையில் கண நேரம் காட்டினார். அதை ஒரு பதிலடி என்று பலர் ரசித்தார்கள். பின்னால் நடந்தது என்ன என்பது கால் நூற்றாண்டுக்குப் பிறகு வெளியாயிற்று. ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஆவணப் படத்தில் அன்னோ பேசினார். தம்மை எப்படிக் கொல்லலாம் என்று முன்பின் தெரியாத மனிதர்கள் தங்களுக்குள் எழுதிக்கொண்டிருந்ததை அந்த நாட்களில் படித்தாராம். எல்லாமே வெறுத்துப்போய், உயிரை விட்டுவிடலாமா என்றுகூட நினைத்தாராம்.

கதைப்படி அந்தச் சிறுவன், தான் உயிரோடு இருப்பதற்குத் தகுதியானவனா என்று கேட்டுக்கொண்டிருந்தான். இருக்கலாம் என்று விடை சொன்ன ஆசிரியரைப் பார்த்து, நீ இருக்கக் கூடாது என்று ரசிகர்கள் சிலர் சொன்னார்கள். அவர்கள் கொடியவர்களாக இருந்திருக்க வேண்டும் என்பதில்லை. இரவில் விளையாட்டாக எழுதிவிட்டு, காலையில் மறந்து வேலைக்குப் போனவர்களாகவே இருந்திருப்பார்கள். ஆனால் எழுதிய எழுத்து போய்ச் சேரும் இடத்தில் ஒரு மனிதன் தனியாக உட்கார்ந்திருக்கிறான். கதைக் கடனுக்கு ஈடாக அவன் உயிரைக் கேட்க எந்தச் சட்டத்திலும் இடமில்லை. சீட்டுப் பணத்தோடு ஓடியவனைக்கூட நாம் கோர்ட்டுக்குத்தான் இழுக்கிறோம்; கழுத்தை அறுப்பதில்லை.

அன்னோ பிழைத்துக்கொண்டார். 2007 முதல் அதே கதையைப் புதிதாக நான்கு சினிமாக்களாக எடுத்து, 2021 மார்ச் 8ஆம் தேதி நான்காவதை வெளியிட்டு முடித்தார். முதல் முடிவுக்கும் கடைசி முடிவுக்கும் இடையில் இருபத்தைந்து வருஷம். என் உரைகல்லில் அவர் தங்கமாகவே தேறுகிறார். கேட்ட கேள்வி அவரை விடவேயில்லை.

முடிவைப் பற்றிய மனஸ்தாபம் நம் வாசகர்களுக்கும் புதிதல்ல. 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடர்ந்து வந்து முடிந்தபோது, கதை நடுவில் நிற்கிறதே என்று வாசகர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். கல்கி கோபித்துக்கொள்ளவில்லை, பரிகசிக்கவும் இல்லை. ஒரு முடிவுரை எழுதினார். இன்னின்ன பாத்திரங்கள் பிற்பாடு என்ன ஆனார்கள் என்று, ஊருக்குப் போன உறவினர்களைப் பற்றிச் சொல்வதுபோல் வரிசையாகச் சொன்னார். 'அப்புறம்?' என்று தோளை உலுக்கிய குழந்தைக்குப் பாட்டி விழித்துப் பதில் சொன்ன மாதிரிதான். அந்த மரியாதை இரண்டு பக்கமும் இருந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். கேட்டவர்கள் உரிமையோடு கேட்டார்கள். சொன்னவர் கடமையென்று சொன்னார்.

கதை சொல்கிறவர்கள் நாம் விரும்பும் முடிவைத் தரக் கடமைப்பட்டவர்கள் அல்லர். நம்மை உம் கொட்ட வைத்த கேள்வியோடு தாங்களும் விழித்திருக்கக் கடமைப்பட்டவர்கள். அவர்கள் விழித்திருந்தும் தடுமாறினால் நாம் வருந்தலாம், வாதாடலாம், 'இப்படி முடித்திருக்கலாமே' என்று நம் மனத்துக்குள் வேறு முடிவு எழுதிக்கொள்ளலாம். தூங்கிவிட்டார்கள் என்று தெரிந்தால் உரக்கவே கண்டிக்கலாம்; அடுத்த கதைக்கு உம் கொட்ட மறுக்கலாம். நம்முடைய மௌனத்தைவிடப் பெரிய தண்டனை கதாசிரியனுக்குக் கிடையாது. இதை நான் அனுபவப்பட்டே சொல்கிறேன். அதற்கு மேல் ஓர் அடி வைத்தாலும், கடன் கொடுத்தவர் என்ற நம்முடைய கௌரவம் போய்விடும்.

மனிதர்கள் ஒருவரிடம் ஒருவர் கேட்டுக்கொள்வதும் பெரும்பாலும் இவ்வளவுதான் என்று தோன்றுகிறது. நினைத்தபடி வாழ்க்கையை அமைத்துக் கொடுக்க எந்தப் புருஷனாலும் எந்த மனைவியாலும் எந்தப் பிள்ளையாலும் முடிவதில்லை. அதற்காக ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்லத் தொடங்கினால் யாரும் மிஞ்சமாட்டார்கள். அவர்களும் நம்மோடு விழித்திருந்தார்களா என்று ஒரு முறை எண்ணிப் பார்த்துவிட்டுப் பிறகு கோபித்துக்கொள்வது நல்லது.